சகலை பிடித்த கட்லாவும் என் தராசும்

அடுத்தவர் பிடித்த மீனை நிறுத்து, அளந்து, படம் எடுத்து, "ஆமாம், இது பெரிய மீன்தான்" என்று ஊருக்குச் சொல்வதுதான் என் வேலை.

இப்படி ஒரு வேலை இருக்கிறதா என்று கேட்பீர்கள். இருக்கிறது, சம்பளம்தான் கிடையாது. கோவில்பட்டி மார்க்கெட் பக்கம் மோட்டார் பம்பு உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். கடையின் ஓரத்தில் ஒரே ஒரு கண்ணாடி அலமாரி. அதில் தூண்டில் கம்பு, ரீல், நைலான் நரம்பு, முள், மிதப்பு எல்லாம் இருக்கும். அந்த அலமாரியைப் பார்த்துவிட்டு, தென்மாவட்டத்துத் தூண்டில்காரர்கள் சேர்ந்து நடத்துகிற ஒரு சங்கம் இந்தப் பகுதிக்கு என்னை எடை பார்ப்பவராகப் போட்டது. விராலில் பெரியது யார் பிடித்தது, கட்லாவில் பெரியது யார் பிடித்தது என்று சங்கம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. கரிசல் காட்டுக் கண்மாய்களில் மீன் பிடிக்கிற யாரும் அந்தப் பட்டியலில் ஏறவேண்டுமென்றால் முதலில் என் தராசில் ஏறவேண்டும்.

நானும் தூண்டில் போடுகிறவன்தான். மீசை முளைக்கும் முன்பே போட ஆரம்பித்தவன். ஆனால் பட்டியலில் என் பெயர் 'எடை பார்த்தவர்' என்ற இடத்தில் மட்டும்தான் வரும். ஊர்ப்பிள்ளைகளுக்கெல்லாம் நூற்றுக்கு நூறு போட்டுவிட்டு வீட்டில் சொந்தப் பிள்ளையின் மார்க் ஷீட்டைப் பார்க்கிற வாத்தியார்களே, ஊருக்கெல்லாம் வீட்டுக்குப் பிளான் போட்டுக் கொடுத்துவிட்டு வாடகை வீட்டில் குடியிருக்கிற இன்ஜினியர்களே, நீங்கள் நம்ம ஆட்கள். உங்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

சேறு சாத்திய விரால்

எப்போதும்வென்றான் என்ற ஊரிலிருந்து ஒருவர் பைக்கின் பின்னால் சாக்கு கட்டிக்கொண்டு வந்தார். சாக்குக்குள் விரால். தூண்டிலிலிருந்து கழற்றும்போது துள்ளிக் கரையில் விழுந்து நன்றாகப் புரண்டிருக்கிறது. நம் கரிசல் மண்ணைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டாம். மழை பெய்த மறுநாள் காட்டுக்குள் நடந்தால் செருப்பு காலைவிடக் கனமாகிவிடும். மீனின் தலை எது, வால் எது என்று தெரியவில்லை. சாமி சிலைக்குக் காப்புச் சாத்தியது மாதிரி இருந்தது.

"அப்பிடியே போடுங்க அண்ணாச்சி. கழுவிக்கிட்டு இருந்தா அதுக்குள்ள மீனு காஞ்சிரும்" என்றார். அவர் தூக்கி வந்த விதத்தைப் பார்த்ததுமே எனக்கு உள்ளே சுருக்கென்றது. இவ்வளவு பெரிய விரால் எனக்கு மாட்டியதே இல்லை. ஆனால் அழுக்கு, சேறு, பாசி எதுவும் எடையில் சேரக்கூடாது என்பது விதி. வாளியில் தண்ணீர் எடுத்து ஒவ்வொரு மக்காக ஊற்றினேன். ஒரு மக்கு ஊற்றும்போது ஒரு சுற்றுச் சேறு போனது. மீன் மெலிய மெலிய என் வயிறு குளிர்ந்துகொண்டே வந்தது. கடைசியில் தராசில் வைத்தபோது பட்டியலில் இருக்கிற விராலுக்குப் பக்கத்தில்கூட அது வரவில்லை. அவர் வாளியில் கலங்கிக் கிடந்த கறுப்புத் தண்ணீரைப் பார்த்தார், மீனைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார்.

"உங்ககிட்ட நிறுக்கத்தான கொண்டாந்தேன் அண்ணாச்சி? இப்பிடிக் குளிப்பாட்டி எளைக்க வச்சுட்டீயளே!"

கையை நீட்டிப் பிடித்த மீன்

வெளியூரிலிருந்து இங்கே மாற்றலாகி வந்த பேங்க் ஆபீசர் ஒருவர். நல்ல பையன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வாட்ஸாப் குழுவில் படம் ஒன்றைப் போட்டார். இரண்டு கையிலும் கட்லாவைத் தாங்கிக்கொண்டு நிற்கிறார். மீன் அவர் நெஞ்சையே மறைக்கிறது. ஆட்டுக்குட்டி கணக்காக இருக்கிறது. அரை மணி நேரத்தில் குழு முழுக்கக் கைதட்டு, மாலை, பட்டாசு. என்னால் சாப்பாட்டில் மனசைச் செலுத்த முடியவில்லை. "யாருக்கு என்னாச்சு?" என்று என் மனைவி மாரீஸ்வரி பயந்துபோய்க் கேட்டாள். "யாருக்கும் ஒண்ணும் ஆகல. ஒருத்தன் மீன் புடிச்சிருக்கான்" என்றேன்.

மீனை உடனே எடுத்துவரச் சொன்னேன். வந்தது. அளவுப் பலகையில் படுக்க வைத்தேன். என் முழங்கையிலிருந்து விரல் நுனி வரைக்கும் இருந்தது, அவ்வளவுதான். கையைக் கேமராவுக்கு நேரே முழுசாக நீட்டிப் பிடித்துக்கொண்டு, உடம்பைப் பின்னால் சாய்த்துப் படம் எடுத்திருக்கிறார். எனக்கு மூச்சு வந்தது. மீனைச் சப்பையாகப் படுக்கவைத்து, வாயை மூடி, வால் பிளவு வரைக்கும் டேப் தெரியும்படி ஒரு படம், தராசில் எண் தெரியும்படி ஒரு படம், கம்போடு ஆள் நிற்கிற மாதிரி ஒரு படம், இப்படித்தான் எடுக்கவேண்டும் என்று அவருக்கு ரொம்பப் பொறுமையாக விளக்கினேன். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, போனை எடுத்து அந்தப் பழைய படத்தை ஏக்கமாகப் பார்த்தார்.

"சார், மீனை விட்டுருங்க. இந்தப் படத்தை மட்டும் நிறுத்துத் தர முடியாதா?"

மிட்டாய்க் கடைத் தராசு

என் தராசு முத்திரை போடப் போயிருந்த சமயம் பார்த்து, புதியம்புத்தூரில் ரெடிமேட் தையல் யூனிட் வைத்திருக்கிற ஒருவர் ஐஸ் பெட்டியோடு காரில் வந்து இறங்கினார். பெட்டிக்குள் கெளுத்தி. மீசை மட்டும் என் சுண்டுவிரல் நீளம். முத்திரை இல்லாத தராசில் நிறுத்தால் செல்லாது. 'தராசு இல்லை, நாளைக்கு வாங்க' என்று சொல்லிவிடலாம். நாளைக்குள் மீன் காய்ந்து எடை குறைந்துவிடும். வாய் வரைக்கும் வந்துவிட்டது அந்த வார்த்தை. ஆனால் மனிதர் வரும் வழியெல்லாம் ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். அவர் சட்டை கையெல்லாம் நனைந்திருந்தது. அதைப் பார்த்த பிறகு அந்த வார்த்தை வெளியே வரவில்லை.

இரண்டு கடை தள்ளிக் கடலைமிட்டாய்க் கடை. முத்திரை போட்ட நல்ல தராசு. கடைக்காரர் என் சிநேகிதர். தட்டில் பாலித்தீன் விரித்து, அதன் எடையைக் கழித்து, மேலே கெளுத்தியை வைத்தோம். கெளுத்தி ஒரு முறை வாலை அடித்தது. பாலித்தீன் ஒரு பக்கம் போனது, மீன் ஒரு பக்கம் போனது. மறுபடி துடைத்து, மறுபடி வைத்து, ஒரு வழியாக எடை எடுத்தேன். பட்டியலில் ஏறிவிட்டது. புதியம்புத்தூர்க்காரர் சந்தோஷத்தில் எனக்கு இரண்டு சட்டை கொடுத்தனுப்பினார். இரண்டும் எனக்கு அளவாக இருந்தன. அவற்றைப் போடும்போதெல்லாம் அந்தக் கெளுத்தி ஞாபகம் வந்து உடம்பு அரிக்கிறது. சாயங்காலம் மிட்டாய்க் கடைக்காரர் என் கடை வாசலில் வந்து நின்றார்.

"ஒங்க மீனு லிஸ்ட்ல ஏறிருச்சு, சந்தோசம். என் தராசுல இருந்து எப்ப எறங்கும்? மத்தியானத்துல இருந்து வாரவன் பூராம் மிட்டாயை மோந்து பாத்துட்டுப் போறான்!"

சகலை வந்தார்

இதெல்லாம் வெளி ஆட்கள் விஷயம். வயிறு எரியும், சோடா குடித்தால் அடங்கிவிடும். உண்மையான நெருப்பு வீட்டுக்குள் இருந்துதான் வந்தது. என் மனைவியின் தங்கை காளீஸ்வரி. அவள் வீட்டுக்காரர் வேல்ச்சாமி, என் சகலை. நாகலாபுரம் பக்கம் மானாவாரி விவசாயம். அவரைப் பற்றி ஒரு குறை சொல்லுங்கள் என்றால் எனக்கு ரொம்ப நேரம் யோசிக்க வேண்டியிருக்கும். அதுதான் அவரிடம் எனக்குள்ள குறை. பக்கத்துக் காட்டில் தூறல் போட்டால் அவர் காட்டில் மழை பெய்யும். மாமியார் வீட்டுப் பந்தியில் எனக்குக் குழம்பு வரும்போது அவருக்குத் துண்டு வரும்.

காட்டில் கம்பு விதைத்திருக்கிறாரே தவிர, தூண்டில் கம்பைக் கையால் தொட்டவர் இல்லை. ஒருநாள் கடைக்கு வந்தவர் அலமாரியைப் பார்த்துவிட்டு, "இது எப்பிடி அண்ணாச்சி, சும்மா உக்காந்திருந்தா மீனு வந்திருமா?" என்று கேட்டார். நுனி விரிசல் விட்டதென்று ஒருவர் திருப்பிக் கொடுத்த கம்பு ஒன்று மூலையில் கிடந்தது. பசை போட்டு ஒட்டி, நூல் சுற்றி அதைக் கொடுத்தனுப்பினேன். அந்த வாரமே படம் வர ஆரம்பித்தது. ஜிலேபி, கெண்டை, ரோகு. ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும், "அண்ணாச்சி, இது பெருசா சின்னதா?" என்று ஒரு கேள்வி. மனிதர் குத்திக் காட்டவில்லை. உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்கிறார். அதுதான் தாங்க முடியவில்லை. படங்களை வரிசையாகப் பார்த்த மாரீஸ்வரி என்னிடம் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"அவியளுக்குக் கம்பும் சொந்தம் இல்ல, பழக்கமும் இல்ல, ஆனா மீனு வருது. நீங்க கடையே வச்சிருக்கீய!"

கை மாறிய கம்பு

ஐப்பசி அடைமழைக்குப் பிறகு வேல்ச்சாமி ஒரு விராலைக் கொண்டுவந்து என் தராசில் போட்டார். இதில் சேறு இல்லை, கையை நீட்டிய படம் இல்லை. சுத்தமான மீன், சுத்தமான எடை. பட்டியலில் இருந்த விராலை லேசாகத் தாண்டியது. நான் நம்ப முடியாமல் மறுபடி மறுபடி நிறுத்துப் பார்த்ததை அவர் என் சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டு, "நீங்க இவ்வளவு சந்தோசப்படுவீயன்னு நெனைக்கல அண்ணாச்சி" என்றார்.

சங்கத்துக்கு அனுப்புவதற்காக, மீன் மாட்டியதிலிருந்து கரைக்கு வரும்வரை என்ன நடந்தது என்று கேட்டேன். ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். மீன் இழுத்த இழுப்பில் வேட்டி அவிழ்ந்துவிட்டது. சாப்பாடு கொண்டுவந்த காளீஸ்வரியிடம் கம்பைக் கொடுத்துவிட்டு வேட்டியைக் கட்டிக்கொண்டு மறுபடி வாங்கிக்கொண்டார். எனக்கு மழை பெய்த மாதிரி இருந்தது. மாட்டியதிலிருந்து கரையேறும்வரை அடுத்தவர் கை கம்பில் படக்கூடாது. பட்டால் மீன் தள்ளுபடி. நான் முகத்தை ரொம்ப வருத்தமாக வைத்துக்கொண்டு விதியைச் சொன்னேன். வேல்ச்சாமி, "விதின்னா விதிதான" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டார். ஆனால் கூட வந்திருந்த காளீஸ்வரி விடவில்லை.

"அப்பம் என் பேர்ல எழுதுங்க அத்தான், நானும் புடிச்சேம்லா! வேட்டியக் கட்டத்தான அவியளுக்கு நேரம் சரியா இருந்துச்சு!"

மடைப் பக்கத்துக் கல்

நாகலாபுரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கண்மாய் இருக்கிறது. இரண்டு மூன்று வருஷமாக நல்ல மழை என்பதால் வற்றவே இல்லை. குத்தகைக்காரரின் வலைக்குத் தப்பிய கட்லா ஒன்று மடைப் பக்கம் மேய்கிறது என்று எனக்கு மட்டும் தெரியும். ஒருநாள் அதன் முதுகைப் பார்த்தேன். குத்தகைக்காரரிடம் அனுமதி வாங்கி, கடலைப் புண்ணாக்கையும் தவிட்டையும் உருண்டை பிடித்து, வாரம் தவறாமல் அதே இடத்தில் போட்டுப் பழக்கினேன். அங்கே உட்கார வசதியாக ஒரு கல். அந்தக் கல்லையும் நான்தான் உருட்டிக்கொண்டு போய்ப் போட்டேன். யாரிடமும் மூச்சு விடவில்லை. மாரீஸ்வரியிடம் மட்டும் சொன்னேன். மாரீஸ்வரி தங்கச்சியிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனால், கல்லில் வேல்ச்சாமி உட்கார்ந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் சட்டென்று எழுந்து, துண்டால் கல்லைத் துடைத்து, "வாங்க அண்ணாச்சி, இங்கன உக்காருங்க. இது உங்க எடம்லா" என்றார். உட்கார்ந்திருக்கலாம். எந்த வீம்பு தடுத்ததோ, "பரவால்ல, நீங்க இருங்க. எனக்கு எல்லா எடமும் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்தேன். வெயில்கூட ஏறவில்லை, அதற்குள் மீன் மாட்டிவிட்டது. அவருடைய ரீல் ஒரு சத்தம் போட்டது பாருங்கள், நான் வாழ்நாளெல்லாம் என் ரீலில் கேட்க நினைத்த சத்தம் அது. நரம்பு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு நடுக்கண்மாய்க்குப் போனது. நான் ஒட்டிக் கொடுத்த அந்த நுனியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒடியும் என்று நினைத்தேன். ஒடியவில்லை. அவ்வளவு நன்றாக ஏன் ஒட்டினோம் என்று என் மேலேயே கோபம் வந்தது.

அவர் விட்டுப் பிடித்து, விட்டுப் பிடித்து, கடைசியில் முழங்கால் தண்ணீரில் இறங்கி அதைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார். ஒவ்வொரு செதிலும் ரூபாய்க் காசு அகலம். இந்த முறை வேட்டியை முதலிலேயே இறுக்கிக் கட்டி, மேலே பெல்ட்டும் போட்டிருந்தார். மூச்சு வாங்க என்னிடம் வந்தார்.

"அண்ணாச்சி, இது நீங்க போட்ட தீவனத்துக்கு வந்த மீனு. உங்க பேரைப் போடலாமா, என் பேரைப் போடலாமா?"

காற்று நிற்கட்டும்

உங்கள் பெயர்தான் என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆனது என்பதை விடுங்கள். தராசு டூ-வீலர் பெட்டியில் இருந்தது. கரிசல் தரையில் எதையும் சமமாக வைக்க முடியாது. ஈரத்தில் புதையும், காய்ந்தால் வெடிப்பில் சாயும். சத்தம் கேட்டு வந்த குத்தகைக்காரர் வலைக்கம்பு மூன்றைக் கொண்டுவந்து முக்காலி கட்டிக் கொடுத்தார். அதில் தொங்குதராசை மாட்டினேன். முதலில் எடைக்கல்லைத் தொங்கவிட்டுத் தராசு சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்தேன். காட்டியது. மீனைப் போடுகிற துணித்தொட்டிலை நனைத்து, அதன் எடையைத் தனியாக எடுத்தேன். முள் வாய்க்குள்தான் மாட்டியிருந்ததா என்று பார்த்தேன். வாய்க்குள்தான். அடுத்தவர் கை கம்பில் பட்டதா? படவில்லை என்பதற்கு நானே சாட்சி. நீளம், வயிற்றுச் சுற்றளவு, சங்கத்தின் சோதனைக்கு நரம்பில் ஒரு துண்டு, எல்லாம் எடுத்தேன். ஒரு குறை கிடைக்காதா என்று தேடித்தேடி எடுத்தேன். நடக்கிறதையெல்லாம் குத்தகைக்காரர் என் போனில் விடாமல் வீடியோ பிடித்துக்கொண்டிருந்தார்.

மீனைத் தொங்கவிட்டபோது காற்று கிளம்பியது. காற்றாலைக்காரர்கள் தேடி வந்து இறங்குகிற ஊர் இது. காற்றுக்கு என்ன பஞ்சம்? தொட்டில் ஆட, தராசில் எண் குதித்தது. பட்டியலில் இருந்த கட்லா பதினெட்டுக் கிலோ. அது மதுரைக்காரர் ஒருவர் பிடித்தது. தொட்டில் எடையைக் கழித்துப் பார்த்தால் தராசு ஒரு நேரம் பதினெட்டுக்குக் கீழே காட்டியது, ஒரு நேரம் மேலே காட்டியது. கீழே காட்டும்போது அந்த எண்ணை வாசித்துவிட்டால் முடிந்தது. யாரும் கேட்க முடியாது. அதிகம் காத்திருந்தாலோ மீன் காய்ந்து தானாகவே குறையும். அதுவும் எனக்கு லாபம்தான். வேல்ச்சாமி மீனையே பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார், நான் என்ன சொன்னாலும் சரி என்கிற மாதிரி. எனக்கு எரிச்சல் மண்டியது. "சும்மா என்ன பாக்கீய? ஈரச்சாக்கை மேல போடுங்க, மீனு காயுதுல்லா!" என்று கத்தினேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த இருவரைக் கூப்பிட்டு, குத்தகைக்காரரின் தார்ப்பாயை ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக் காற்றை மறைக்கச் சொன்னேன். சாக்கை எடுத்தேன், சொட்டுகிற தண்ணீரை வடிய விட்டேன். தொட்டில் ஆடாமல் நின்றது. எண்ணும் நின்றது.

தொட்டிலைக் கழித்தால் பதினெட்டுக் கிலோவுக்கு மேலே இருநூறு கிராம். சத்தமாக வாசித்தேன். ஆடு மேய்க்கிறவர்கள் தார்ப்பாயைப் போட்டுவிட்டுக் கைதட்டினார்கள். குத்தகைக்காரர் என்னையும் வேல்ச்சாமியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னவே இது, புடிச்சவரு சிரிச்சுக்கிட்டு நிக்காரு, நிறுத்தவரு மூஞ்சி கருவாடா கெடக்கு?"

சகலைக்குச் சகலை

எல்லாவற்றையும் சங்கத்துக்கு அனுப்பிவிட்டு இரண்டு நாளாகச் சோறு இறங்காமல் இருந்தேன். மூன்றாவது நாள் குழுவில் மதுரைக்காரர் எழுதியிருந்தார். 'பிடித்தவரும் நிறுத்தவரும் சகலையாமே? சகலை மீனைச் சகலை நிறுத்தால் எடை கூடத்தானே செய்யும்?' அதற்குக் கீழே சிரிப்புப் பொம்மைகள். எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கண் இருட்டிக்கொண்டு வந்தது. நான் வேல்ச்சாமிக்குக் கூட்டிப் போட்டேனாம்! அந்த மீன் ஒரு கிராமாவது குறையாதா என்று இந்த உலகத்திலேயே அதிகம் ஏங்கியவன் நான். மதுரைக்காரர்கூட என்னளவுக்கு ஏங்கியிருக்க மாட்டார்.

வேல்ச்சாமி போன் செய்து, "விடுங்க அண்ணாச்சி. லிஸ்ட்ல இல்லாட்டி அது மீனு இல்லன்னு ஆயிருமா?" என்றார். அவருக்கென்ன, அவர் மீன் பிடித்தவர். என்னிடம் இருப்பது என் எடை ஒன்றுதான். அதுவும் பொய் என்றால் நான் எதற்கு? தராசைத் தூக்கிக்கொண்டு தூத்துக்குடிக்குப் பஸ் ஏறினேன். சங்கத் தலைவர் வீட்டுக் கூடத்தில் தராசை மாட்டி, அவர் வைத்திருந்த எடைக்கற்களையே வரிசையாகத் தொங்கவிடச் சொன்னேன். ஒரு பிசகும் இல்லை. வீடியோவை ஆரம்பத்திலிருந்து ஓடவிட்டு, நீளம், சுற்றளவு, தொட்டில் எடை என்று ஒவ்வொன்றாக வாதாடினேன். என் வாயாலேயே, "அது பட்டியல்ல ஏறவேண்டிய மீனு சார்! வேல்ச்சாமி புடிச்சதுதான் பெருசு!" என்று தொண்டை வறளக் கத்தினேன். தலைவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, 'தராசு சரி, ஆனால் சொந்தக்காரர் என்பதை மற்றவர்களுக்கு என்ன சொல்வது, யோசித்துச் சொல்கிறேன்' என்று அனுப்பிவிட்டார்.

அந்த வாரக் கடைசியில் தலைவரிடமிருந்து போன் வந்தது. மீனைப் பட்டியலில் ஏற்றியாகிவிட்டது, மதுரைக்காரரும் ஒத்துக்கொண்டுவிட்டார் என்றார். எப்படி சார் ஒத்துக்கொண்டார் என்று கேட்டேன்.

"மதுரைக்காரரைப் பக்கத்துல வச்சுக்கிட்டே உங்க வீட்டுக்குப் போன் போட்டோம், உங்க வீட்டம்மாதான் எடுத்தாங்க. 'அவியளா? என் தங்கச்சி மாப்பிள்ளைக்கா? ஒரு கிராம் கூட்டிப் போடமாட்டாவ, வேணும்னா கொறச்சிருப்பாவ'ன்னு அடிச்சுச் சொன்னாங்க. அதுக்கு மேல என்ன சாட்சி வேணும்னு மதுரைக்காரரே சொல்லிட்டாரு!"

சுவரில் மாட்டிய படம்

காளீஸ்வரி வீட்டில் விருந்து. பட்டியலில் ஏறிய கட்லா, பிடித்த அன்றைக்கே உறவுக்காரர்கள் வீடுகளுக்கெல்லாம் பங்கு போய்விட்டது. எனக்காக என்று தலையை மட்டும் ஐஸில் போட்டு வைத்திருந்தாள். புளி கரைத்து, தேங்காய் அரைத்துக் குழம்பு வைத்திருந்தாள். நன்றாக இருக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டுதான் உட்கார்ந்தேன். மூன்று தடவை சோறு வாங்கினேன். என் இலையில் முதல் துண்டை வேல்ச்சாமியே எடுத்து வைத்தார். மாமியார் அதைப் பார்த்து, "பாருங்க, எம்புட்டு மரியாதை!" என்று அதையும் வேல்ச்சாமி கணக்கிலேயே சேர்த்துவிட்டார்.

கூடத்தில் பெரிய படமாகச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். நடுவில் கட்லா, பின்னால் சிரித்துக்கொண்டு வேல்ச்சாமி, அந்தப் பக்கம் தார்ப்பாய் பிடித்த ஆட்டுக்காரர், ஆட்டுக்காரருக்குப் பின்னால் இரண்டு ஆடுகள்கூட முழுசாகத் தெரிந்தன. என்னைத் தேடினேன். படத்தின் ஓரத்தில் ஒரு கை தராசைத் தாங்கிப் பிடித்திருந்தது. மணிக்கட்டுக்கு மேலே சட்டத்துக்குள் போய்விட்டது. நான் தேடுவதைக் கவனித்துவிட்டு மாரீஸ்வரி பக்கத்தில் வந்து நின்றாள்.

"அந்தா, ஓரத்துல இருக்குல்லா உங்க கை. நான் கேட்டதுனாலதான் அதையாவது வெட்டாம விட்டா என் தங்கச்சி!"

மொத்தத்தில் இந்த வேலை எனக்குக் கற்றுக் கொடுத்தது இவ்வளவுதான்: அடுத்தவன் மீனைப் பார்த்து ஊரெல்லாம் உத்தேசமாகப் பொறாமைப்படுகிறது, நான் மட்டும் கிராம் சுத்தமாகப் பொறாமைப்படுகிறேன்.